குமிழியும் எண்ணெய்க் கிணறும்

கோடையில் வற்றிக் கிடக்கும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குள் இறங்கி நடந்தால், கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, நட்டநடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஆடு மேய்ப்பவர்கள் துண்டைக் காயப்போடுவார்கள். அதுதான் குமிழி. தூண்களை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் துளையிட்ட ஒரு பலகைக் கல், அதற்குக் கீழே கரையைக் குடைந்துகொண்டு வயலுக்குப் போகும் நீர்வழி. கண்மாய் நிரம்பிய நாளில் ஒருவர் நீந்திப் போய் மூழ்கி அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் பாசனத்துக்குப் போகும். அடித்துளை வழியாகச் சேறும் வண்டலும் கூடவே வெளியேறும்.

இந்தத் தூண்களில் பலவற்றில் எழுத்து இருக்கிறது. இன்ன குளத்துக்கு இன்னார் இந்தக் குமிழியை இட்டார் என்று ஊரையும் ஆளையும் சொல்லும் கல்வெட்டுகள் அவை. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் நூலாகவே அச்சிட்டது. அதைப் புரட்டினால் குளம், மடை, குமிழி, குளத்தைப் பராமரிக்க விட்ட நிலம் என்று பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர்க் கணக்குதான். அந்தக் காலத்து ஊர்ச்சபைகளைப் பொற்கால மக்களாட்சி என்று கொண்டாட வேண்டியதில்லை. நிலமில்லாதவனுக்கு அங்கே வாய் கிடையாது. ஆனால் ஊர்த் தண்ணீரில் கை வைத்தவர் யார், என்ன செய்தார் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது.

அதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், அண்மைக் காலத்தில் தோண்டப்பட்ட வேறு வகைக் கிணறுகள் சில உண்டு. நெடுவாசல், நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு, கருக்காக்குறிச்சி ஆகிய ஊர்களில் மத்திய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி எண்ணெய் தேடித் துளைத்தவை. விவசாயிகளிடம் குத்தகைக்கு நிலம் வாங்கி, வேலி போட்டு, துளையிட்டு, குழாய்க்கு மேல் இரும்பு மூடி வைத்துவிட்டுப் போனார்கள். மண்ணெண்ணெய் எடுக்கப்போவதாகத்தான் தங்களிடம் சொன்னார்கள் என்று பின்னாளில் போராட்டப் பந்தலில் ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நல்லாண்டார்கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கழிவுத் தொட்டி, அதில் கருப்பாக எண்ணெய்க் கசடு. வருடக்கணக்கில் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை.

2017 பிப்ரவரியில் அந்தத் தொட்டி தமிழ்நாட்டின் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது.

அந்த மாதம் 15ஆம் தேதி மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு, கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல்களை 31 ஒப்பந்தப் பகுதிகளாக நிறுவனங்களுக்குக் கொடுக்க ஒப்புதல் தந்தது. பட்டியலில் காரைக்காலும் நெடுவாசலும் இருந்தன. சுமார் 10 சதுர கிலோமீட்டர் கொண்ட நெடுவாசல் வயல், கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு. மறுநாளே, 16ஆம் தேதி, நெடுவாசல் மக்கள் நாடியம்மன் கோயில் திடலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. மாநிலமே வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. காவிரிப் படுகையில் மீத்தேன் எடுப்பதற்கு எதிராக ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று இறந்தது, நெடுவாசலிலிருந்து அதிக தூரமில்லாத பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில்தான். இந்தத் திட்டத்தின் பெயராக ஹைட்ரோகார்பன் என்ற புதிய சொல் காதில் விழுந்ததும், இது மீத்தேனுக்கு வைத்த மறுபெயர் என்று மக்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

புதுக்கோட்டை என்றாலே வானம் பார்த்த பூமி என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆச்சரியம். நெடுவாசல், வடகாடு, கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு நெல், வாழை, கரும்பு, தென்னை எல்லாம் வைப்பார்கள். வடகாட்டுப் பலா பேர் பெற்றது. கீரமங்கலம் பூச்சந்தைக்கு விடியற்காலையில் மல்லிகையும் முல்லையும் வந்து குவியும். இத்தனைக்கும் ஆற்றுப் பாசனம் கிடையாது. எல்லாம் நிலத்தடி நீர். எண்ணெய்க் கிணறு துளைத்துக்கொண்டு போவதும் அதே நீர்த்தாங்கிகளின் ஊடாகத்தான்.

இங்கேதான் விஷயத்தின் வேர். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள், கிணற்றில் வருவது மேலடுக்கு நல்ல தண்ணீரோடு கலந்துவிடாமல் இருக்க இரும்புக் காப்புக் குழாயை இறக்கிச் சுற்றிலும் சிமெண்டால் அடைப்பார்கள். அந்தக் குழாய் எத்தனை மீட்டர் ஆழம்? துளையிடும்போது வெளிவரும் ரசாயனச் சேறு எங்கே போகும்? எண்ணெயோடு சேர்ந்து வரும் உப்புத் தண்ணீரை என்ன செய்வார்கள்? பக்கத்துத் தோட்டத்துப் போர் தண்ணீரில் இன்றைக்கு உப்பு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு? கேள்விகள் எளியவை, பதில்களும் எழுதக் கூடியவைதான். இவற்றைத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே கேட்டு, அளந்து, எழுதி, ஊர் முன்னால் வைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு.

இந்த ஏற்பாடு சட்டமாவதற்கு முக்கியத் தூண்டுதலாக இருந்ததும் ஒரு எண்ணெய்க் கிணறுதான். 1969 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியக் கரையில், சாண்டா பார்பராவுக்கு எதிரே கடலில் தோண்டிக்கொண்டிருந்த கிணறு வெடித்துப் பீறிட்டது. கிணற்றை அடைத்த பிறகும் எண்ணெய் நிற்கவில்லை. கடலடிப் பிளவுகள் வழியே கொப்பளித்துக்கொண்டே இருந்தது. விதியில் சொன்ன நீளத்துக்குக் குறைவாகவே காப்புக் குழாய் இறக்கப்பட்டிருந்தது. திருட்டுத்தனமாக அல்ல, அதற்கு அரசு அமைப்பே விலக்கு கொடுத்திருந்தது. கரை ஒதுங்கிய எண்ணெய் தோய்ந்த பறவைகளின் படங்களைப் பார்த்து அமெரிக்கா கொதித்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். பெரிய காரியம் எதையும் செய்வதற்கு முன், அதனால் வரும் விளைவுகளையும் மாற்று வழிகளையும் விரிவாக எழுதி வை என்று அரசுக்கே உத்தரவிட்ட சட்டம் அது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டன.

இந்தியாவில் எழுபதுகளின் பிற்பாதியில் ஆற்று அணைத் திட்டங்களைப் பரிசீலிப்பதிலிருந்து இது தொடங்கியது. அப்போது அது அதிகாரிகளுக்குள் சுற்றிய கோப்பு. 1984இன் போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994 ஜனவரி 27 அறிவிக்கை தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1997இல் மக்கள் கருத்துக் கேட்பு சேர்ந்தது. இன்று நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. அது திட்டங்களை ஏ, பி என்று பிரிக்கிறது. பி வகைக்குள் பி1, பி2. பி2 என்று முத்திரை விழுந்தால் மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், ஊரைக் கூட்டவும் வேண்டாம். ஆக, எந்தத் திட்டம் எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

நெடுவாசலுக்கு வருவோம். அன்று எண்ணெய்த் துரப்பணம் முழுவதும் ஏ வகை. ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் சட்டப்படி மதிப்பீடு செய்து அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அமைச்சர்களும் அதைத்தான் சொன்னார்கள்: இன்னும் எவ்வளவோ அனுமதி பாக்கி இருக்கிறது, ஏன் பயப்படுகிறீர்கள்? சட்டம் தெரிந்தவருக்கு அது நியாயமான பதில். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் ஏலம், அப்புறம் அமைச்சரவை ஒப்புதல், அப்புறம் ஒப்பந்தம். எல்லாம் முடிந்த பிறகு மதிப்பீடு. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் முடித்து மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு, உனக்குச் சம்மதமா என்று கேட்பது போல. அவள் சொல்லும் பதிலுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று அவளுக்கே தெரியும்.

எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்தது. நிலம் பாலைவனமாகும், பாறையை வெடிப்பார்கள், கடல் உள்ளே வரும் என்று ஒரு பக்கம். ஒரு பாதிப்பும் வராது, இது வழக்கமான எண்ணெய்க் கிணறு, வேலைவாய்ப்பு வரும் என்று மறுபக்கம். இரண்டு தரப்புமே அளந்த எண் எதையும் கையில் வைத்துக்கொண்டு பேசவில்லை. மிகைப்படுத்திய செய்திகள் நிறையவே உலவின. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் அதற்காக ஊரைக் குறை சொல்ல முடியாது. பழைய கிணறுகளைத் தோண்டுவதற்கு முன் சுற்றியுள்ள போர்களின் தண்ணீரை ஒரு பருவமாவது பரிசோதித்து, அந்த எண்களை ஊருக்குத் தமிழில் கொடுத்திருந்தால், பின்னால் தண்ணீர் கெட்டது என்று ஒருவர் சொன்னாலும் இல்லை என்று மற்றவர் சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஒப்பிட வேண்டிய அந்த முதல் எண் ஊரார் கையில் இல்லாததால், விவசாயியால் குற்றத்தை நிரூபிக்கவும் முடியாது. நிறுவனம் சொல்லும் மறுப்பை ஊர் நம்பவும் நம்பாது. மதிப்பீடு நிறுவனத்துக்கும் பாதுகாப்பு என்பதை நம் ஊர்த் தொழிலதிபர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை.

கடைசியில் ஊரார் தங்கள் கையில் இருந்த ஒரே ஆவணத்தைக் காட்டினார்கள்: நல்லாண்டார்கொல்லைத் தொட்டி. வந்த செய்தியாளர், அரசியல்வாதி, கல்லூரி மாணவர் எல்லோரையும் அங்கே கூட்டிப் போனார்கள்.

இன்னொன்றும் அப்போது அதிகம் பேசப்படவில்லை. 2016 அக்டோபரில் தமிழகத்தின் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்திருந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. புதுக்கோட்டை கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஆக, நெடுவாசல் கொதித்த நாள்களில் அந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவரே கிடையாது. கையெழுத்துப் போடத் தனி அலுவலர் இருந்தார். கோயில் திடல்தான் ஊர் மன்றமாகியது.

முதல் கட்டப் போராட்டம் 22 நாள்கள் நடந்து, மத்திய, மாநில அரசுகளின் உறுதிமொழிகளை ஏற்று மார்ச் 9 அன்று நின்றது. பக்கத்து ஊர்களில் இன்னும் சில நாள்கள் நீடித்தது. மார்ச் 27 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உறுதிமொழிக்கும் கையெழுத்துக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. ஏப்ரல் 12 அன்று மறுபடியும் பந்தல் போட்டார்கள். ஒப்பாரி வைத்தும் கருப்புக் கொடி பிடித்தும் நாளுக்கொரு விதமாக அக்டோபர் தொடக்கம் வரை உட்கார்ந்தார்கள். மாநில அரசு இசைவு தராததால் நெடுவாசலில் அந்த நிறுவனம் ஒரு கிணறும் தோண்டவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து, எண்ணெய்க் கம்பெனி தொடாத தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது வேறு கதை.

2020ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் விசித்திரமான ஆண்டு. ஜனவரி 16 அன்று மத்திய அரசு 2006 அறிவிக்கையில் ஒரு திருத்தம் செய்தது: எண்ணெய், எரிவாயு தேடும் துரப்பணப் பணிகள் இனி பி2. உற்பத்திக்கு வந்தால் பழையபடி ஏ வகை. தேடும் கட்டத்தில் அறிக்கையும் கருத்துக் கேட்பும் தேவையில்லை. நெடுவாசல் வட்டாரத்தை ஆட்டிப் படைத்த அந்தப் பழைய கிணறுகள் தேடும் கட்டத்தில் துளைத்தவை என்பதை நினைவில் வைத்தால், இந்தத் திருத்தத்தின் கனம் புரியும். தேடும் கிணறும் அதே நீர்த்தாங்கியைத் துளைத்துக்கொண்டுதான் இறங்குகிறது.

அடுத்த மாதமே தமிழக அரசு எதிர்த்திசையில் போனது. பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் சேர்த்துக்கொண்டு புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளைத் தடுத்தது. புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. நெடுவாசல் திருவரங்குளம் ஒன்றியத்தில் வருகிறது. ஏற்கெனவே நடக்கும் திட்டங்களை அந்தச் சட்டம் தொடவில்லை. இருந்தும் 2021 ஜூனில் வெளியான அடுத்த ஏல அறிவிப்பில் 463 சதுர கிலோமீட்டர் பரப்போடு கறம்பக்குடிப் பக்கத்து வடதெரு இடம்பெற்றது. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தடைச்சட்டம் வேறு, மதிப்பீடு வேறு. தடை ஒரு ஆட்சியில் வரும், இன்னொரு ஆட்சியில் போகலாம். அளந்து எழுதிய எண் அப்படிப் போகாது.

எண்ணெய்க்கு வந்த இந்தக் கவனம் மாவட்டத்தின் வேறு சில மாற்றங்களுக்கு வரவேயில்லை. தைல மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் வேட்டையாடிய முட்புதர்க் காடுகள், சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தபின் அரசுக் காடுகளாயின. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அதே 1974இல்தான் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் தொடங்கியது. காகிதக் கூழுக்காக மேட்டுக் காடெல்லாம் தைல மரமாயிற்று. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர்தான் கீழேயுள்ள கண்மாய்க்கு வரத்து. தோட்டத்துக்குள் போட்ட வரப்புகளும் குழிகளும் அந்த வரத்தை மறித்துவிட்டன, மரமும் தண்ணீரை உறிஞ்சுகிறது என்பது விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லும் புகார்.

உண்மையா? அளந்தால் தெரியும். நீலகிரியில் கிளென்மார்கனில் அப்படி அளந்தார்கள்: புல்வெளியாகவே விட்ட ஒரு நீர்ப்பிடிப்பையும் தைல மரம் நட்ட இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், மரத்தின் முதல் நடவுச் சுற்றிலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மலையும் வேறு, மர இனமும் வேறு. அந்த எண்ணைத் தூக்கிப் புதுக்கோட்டையில் ஒட்ட முடியாது. ஆனால் மாவட்டத்தின் மேட்டுநிலத்தை ஒரு தலைமுறைக்குள் உருமாற்றிய இந்தக் காரியம், மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களின் பட்டியலில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆயிரம் ஆண்டுக் குமிழி இருக்கிறது. அதில் மூழ்கிப் போய்த் திறக்கத்தான் தண்ணீர் இல்லை.

கல்குவாரி விவகாரம் தனிக் கட்டுரைக்குரியது. நார்த்தாமலை, திருமயம் பக்கம் போனால் பாதி தின்ற குன்றுகளைப் பார்க்கலாம். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்றிருந்தபோது பெரிய மலையைச் சின்னச் சின்னத் துண்டாக எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. 2012 பிப்ரவரியில் தீபக்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே சிறு குவாரிகளும் அனுமதிக்குள் வந்தன.

மதிப்பீடு என்று ஒன்று நடந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. அறிக்கை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டத்தின் முதலாளி. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் விவரங்கள் அப்படியே நகலெடுக்கப்பட்டிருந்தது அம்பலமானது. கொங்கணக் கரையில் ரஷ்யக் காட்டு மரங்களைத் தேடியிருக்க வேண்டும். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட புதிய வரைவு அறிவிக்கை கருத்துக் கேட்பு முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முன்மொழிந்தது. மக்களின் கருத்தைக் கேட்க வந்த அந்த வரைவே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. எதிர்ப்புக் கடிதங்கள் லட்சக்கணக்கில் போயின, வரைவு சட்டமாகவில்லை.

எனவே 2006 அறிவிக்கைதான் இன்றும் ஊரார் கையில் இருக்கும் ஆயுதம், ஓட்டைகளோடு. அதன் பின்னிணைப்பில் எழுதியிருப்பது பலருக்குத் தெரியாது. கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்பு மாநில மொழி நாளிதழ் ஒன்றில் விளம்பரம் வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் வைக்கப்பட வேண்டும். கூட்டம் திட்டம் வரும் இடத்திலோ மிக அருகிலோ நடக்க வேண்டும். ஆட்சியரோ அவர் சார்பில் மூத்த அதிகாரியோ தலைமை வகிக்க, முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில், பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை அங்கேயே கூடியிருப்பவர்களுக்கு உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே பதிவாகும். உங்கள் ஊர்ப் பெயரோடு அந்தச் சிறிய விளம்பரம் கண்ணில் பட்டால், முதல் வாரமே போய்த் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிப் படியுங்கள். அன்றைக்கே உங்கள் தோட்டத்துப் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கூட்டம் முடிந்து வாசித்துக் காட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.